தட்டில் விழுந்த நான்கு கீறல்

நவமணி ஜார்ஜ் டவுன் அடுக்குமாடியில் குடியிருந்தபடி முப்பத்தோரு வருஷம் சிம்பாங் அம்பாட்டுக்கு வேலைக்குப் போய்வந்தவர். தொழிற்சாலை பஸ் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் கடல் பாலத்தைத் தாண்டுவதற்குள் பெண்கள் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைக் காலி செய்து, ஊர்க்கதையும் பேசி முடித்திருப்பார்கள். அந்தக் காலை நேரத்தை இப்போது நினைத்தாலும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

எலெக்ட்ரானிக் சிப்புகளைப் பிளாஸ்டிக் தட்டுகளில் அடுக்குவது அவர் வேலை. ஒன்றின்மேல் ஒன்று வைத்த தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் சிப்புகள் துள்ளிச் சிதறும். ஒருநாள் எரிச்சலில் நகம் தேய்க்கும் அரத்தால் தட்டின் விளிம்பில் நான்கு கீறல் போட்டார். காற்று புகுந்தது. தட்டு தானாகக் கழன்று வந்தது.

தட்டைக் கெடுத்தார் என்று சூப்பர்வைசர் எச்சரிக்கைக் கடிதம் எழுதப் போனார். என்ஜினியர் இர்வான்தான் தடுத்தார்.

"யார் சொல்லிக் கொடுத்தது அக்கா?" என்று மலாயில் கேட்டார்.

"யாருமில்ல லா. திட்டு வாங்கி அலுத்துப்போச்சு."

கம்பெனி அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. தட்டு அடுக்குகிறவர் பெயர் எதற்கு என்றார் மேனேஜர். "கண்டுபிடிச்சவங்க பெயர் இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றார் இர்வான். பெயர் நவமணிக்கு, உரிமை கம்பெனிக்கு என்று முடிவானது. கம்பெனி வாடகைக் கட்டடத்தில் இருந்ததால் கடன் தராத வங்கி, அந்தக் காப்புரிமையை ஈடாக வைத்துக்கொண்டு தந்தது. புதுக் கட்டடம் எழுந்தது. நாத்தனார் ரூபினி உட்பட தொண்ணூறு பேருக்கு வேலை கிடைத்தது. நவமணிக்கு வந்த பணம் ஐந்நூறு வெள்ளி போனஸ்தான். அதில் வாஷிங் மெஷின் வாங்கினார். இவ்வளவுதானா என்று சில நாள் மனசு உறுத்தியது. ஆனாலும் ரூபினி சம்பளத்தோடு வந்து நின்ற முதல் மாதம் பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் இர்வான் போன் செய்தார். "காப்புரிமைக்கு இருபது வருஷம் முடிஞ்சிருச்சு அக்கா. இனி அந்தத் தட்டை யார் வேணும்னாலும் செய்யலாம்."

"நமக்குப் போட்டியா இருந்த கெப்பாலா பத்தாஸ் கம்பெனிக்காரன்கூடவா?" என்றார் நவமணி.

"அவனும்தான்."

"செய்யட்டும். நீங்க ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க."

இர்வான் மனைவியோடு வந்தார். மீன் கறி ஆறிப்போகிறவரை பழைய கேன்டீனையும், இப்போது இல்லாத இரண்டு தோழிகளையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.