கழுவிக் கொண்டுவந்த கட்டி

எழுபதுகளில் தர்மபுரியில், சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய் சொல்லும் டாக்டர் நான். அறுத்தெடுத்ததை எனக்கு அனுப்பிவைக்க ஓர் ஏற்பாடும் கிடையாது. நோயாளியின் சொந்தக்காரர் கையில் பாட்டிலைத் திணித்து பஸ் ஏற்றிவிடுவார்கள். எந்தப் புண்ணியவான் தொடங்கிய வழக்கமோ, நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாரண்டஹள்ளித் தக்காளி வியாபாரி ஒருவர் அப்படித்தான் வந்தார். அவர் மனைவியின் மார்பிலிருந்து கட்டியை எடுத்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரி சர்ஜன் கொடுத்தனுப்பியிருந்தார். புற்றா, சாதாரணக் கட்டியா என்று நான் சொல்ல வேண்டும். பாட்டிலைத் திறந்ததும் நாற்றம் அறையை நிறைத்தது. சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் இல்லை, வெறும் தண்ணீர். கட்டி அழுகிக் கொழகொழத்துக் கிடந்தது.

“உள்ள இருந்த மருந்து எங்கய்யா?”

“அது ஒரே கண்ணெரிச்சலுங்க. பஸ்ஸுல ஏறவே வுடல. கொட்டிப்புட்டு, நல்ல தண்ணியில அலசிக் கொண்ணாந்தனுங்க. நேத்து சந்தை, அதான் வர முடியல.”

சுத்தமாகக் கொண்டுவந்த திருப்தி அவர் முகத்தில். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? கொட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த சர்ஜனுக்கு வாய் வலித்ததா?

ஸ்லைடு போட்டும் ஒன்றும் தெரியவில்லை. சர்ஜனுக்குப் போன் செய்தேன்.

“முழுசா எடுத்தாச்சும்மா, மிச்சமில்ல. சாதாரணக் கட்டின்னு எழுதிக் குடுத்துடுங்க.”

“தெரியாததை எப்படி எழுதறது?”

“அப்புறம் எதுக்கு ஒரு லேப்பு?” என்று வைத்துவிட்டார். அயோக்கியன்!

வியாபாரியிடம் கெஞ்சினேன். “உங்க சம்சாரத்தை உடனே மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. புத்துநோயா இருந்தா உசுருக்கே ஆபத்து.”

“அறுத்தவரு ஒண்ணுமில்லைங்கறாரு. நீங்க தெரியலைங்கறீங்க. தெரியலைங்கறவங்க பேச்சைக் கேட்டு மெட்ராஸ் போறதுங்களா?”

எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த மாம்பழக் காலத்தில் மனைவியோடு வந்தார். அவள் முந்தானையை ஒதுக்கிக் காட்டினாள். தழும்பைச் சுற்றித் தோல் புண்ணாகியிருந்தது. அக்குளில் கல் கல்லாக முடிச்சுகள். கை வீங்கி, வளையல் சதைக்குள் புதைந்திருந்தது.

“பாட்டில்ல குடுத்தா கெட்டுப்போவுதாமே, அதான் நானே வந்துட்டனுங்க டாக்டரம்மா,” என்றாள். “இப்பப் பாத்துச் சொல்லிருவீங்கில்ல?”

மைக்ராஸ்கோப் பக்கம் நான் போகவே இல்லை.