மெட்ராஸ் கப்பலுக்கு மூன்று டிக்கெட்

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பக்கத்துத் திரிங்காப் ஊர்க் காய்கறிகளைப் பினாங்குக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டினார். அப்பா அதே தோட்டத்து ஆலையில் இலை வாட்டும் வேலை பார்த்து, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். விடுமுறை என்று நாங்கள் எங்கேயும் போனதில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க ஈப்போ, தைப்பூசத்துக்குப் பினாங்கு, அவ்வளவுதான். அந்த வருடம்தான் முதல் முறையாகக் கடல் தாண்டிப் போகலாம் என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. அது எங்களை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியது.

காரணம் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அப்பா மீசை முளைக்காத வயதில் சித்தப்பாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். அத்தை அப்போது சின்னப் பிள்ளை. தாத்தாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, கப்பல் மறையும்வரை "அண்ணே, அண்ணே" என்று கத்தினாளாம். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொள்ளவே இல்லை. கடிதம் மட்டும் போகும், வரும். அந்த வருடம் வந்த கடிதத்தில், "நெஞ்சு வலி வந்து பொழைச்சேன். கண்ணை மூடறதுக்குள்ள உன் மொகத்தை ஒருக்கா பாத்துரணும்ணே" என்று எழுதச் சொல்லியிருந்தாள். அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எப்படிப் போவது என்பதுதான் சண்டை. தாப்பா டவுனில் ஒரு கடைக்காரர் ஆள் சேர்த்து மெட்ராஸுக்கு மலிவு விமானத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார். சோறு கிடையாது, ஆளுக்கு ஒரு பைதான், கால் நீட்ட இடமிருக்காது. இருந்தாலும் சீக்கிரம் போய்ச் சேரலாமே என்று நான் விமானத்தின் பக்கம் பேசினேன். அப்பா ஒரே பிடியாக நின்றார்.

"பிளேனு எங்க வந்து எறங்கும்னு அவளுக்கு என்னா தெரியும்? கப்பல் ஏத்தி அனுப்புனவ. கப்பல்லேருந்து எறங்கறதத்தான் பாக்கணும்."

என் கணவருக்கும் கப்பல்தான் பிடித்திருந்தது. அவருக்குச் சாமான் கவலை. "ஒரு பையில என்னாத்த லா கொண்டு போறது? லயத்துல குடுக்கறத எங்க வைக்கிறது?" என்றார். அது நியாயம்தான். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது ஊருக்குப் போகிறார்கள் என்றால், வீட்டுக்கு வீடு ஒரு பொட்டலம் வந்துவிடும். தேயிலை, தைலம், கைலி, குடை, ஒரு வீட்டில் சட்டிகூடக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கும் அங்கே ஒரு அத்தையோ மாமாவோ இருப்பார்கள் அல்லவா?

அடுத்த முறை பினாங்குக்கு லோரி எடுத்துப் போனவர், திரும்பி வரும்போது மூன்று டிக்கெட்டோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை! எல்லோரும் போகும் மெட்ராஸ் கப்பலில் இரண்டு மாதத்துக்கு இடமே இல்லையாம். பக்கத்துக் கடைக் கண்ணாடியில் வெள்ளைக் கப்பல் படம் ஒட்டியிருந்ததாம். நுழைந்து கேட்டாராம். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமையே இடம் இருந்ததாம். விலையும் பாதிக்குப் பாதியாம்.

"சாப்பாடு சேத்துத்தான். போக வர எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்டு. ஆனா சின்னப் பிள்ளைங்கள ஏத்த மாட்டாங்களாம், பெரியவங்க மட்டுந்தானாம்" என்றார்.

"பிள்ளைங்கள ஏத்தாத கப்பல் என்னா கப்பலு?" என்று நான் கேட்டேன்.

"கடல் ஒத்துக்காதுல்ல? வாந்தி எடுத்துக் கப்பலையே நாறடிச்சிருங்க. அதான்."

இது அவராகவே ஜோடித்த விளக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. டிக்கெட்டில் இருந்தது முழுக்க இங்கிலீஷ். தோட்டத்து ஆபீஸ் எழுத்தர் கிராணியிடம் காட்டலாம் என்றேன். "எனக்குத் தெரியாதா? மாசத்துல நாலு தடவ பினாங்கு போறவன் நானு" என்று முறைத்தார். சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் இரண்டையும் நாத்தனாரிடம் ஒப்படைத்தேன். அப்பா அன்றைக்கே அத்தைக்குக் கடிதம் போட்டார்: அடுத்த மாதம் முதல் வெள்ளி பினாங்கில் ஏறுகிறேன், ஒரு வாரம் கடல், அதற்கடுத்த வெள்ளி மெட்ராஸ் ஹார்பரில் வந்து நில். யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு கட்டாயம் வந்துவிடுகிறேன் என்று, நாங்கள் கிளம்புவதற்கு முன்பே அத்தையிடமிருந்து பதிலும் வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பினாங்குத் துறைமுகத்தில் நாங்கள் நின்ற கோலத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. என் கணவர் தலையில் டிரங்குப் பெட்டி, கையில் லயத்துப் பொட்டலங்கள் அடைத்த கோணி. என் இடுப்பில் குடைக்கட்டு. வரிசையில் மற்றவர்கள் எல்லாம் கைப்பை மட்டும் வைத்திருந்தார்கள். பெண்கள் உயரச் செருப்பும் மினுமினுக்கும் கவுனுமாக வந்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் இப்படியா போவார்கள் என்று தோன்றியது. ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து முத்திரை குத்தினார்கள். முத்திரை குத்தியதும் எனக்கு இருந்த சந்தேகம் போய்விட்டது. அப்பா மேல்தட்டில் கற்பூரம் கொளுத்தப் போனார். ஒரு சிப்பந்தி ஓடி வந்து நெருப்புப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். வழியில் ஒரு பெரிய கூடம். உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பக்கம் சூதாட்ட மேசைகள், புகை, கூச்சல். இன்னொரு பக்கம் மேடையில் நான்கு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் உடம்பில் இருந்த துணியைச் சேர்த்தாலும் ஒரு கைக்குட்டை தேறாது. அப்பா "முருகா!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். என் கணவர் மூடவில்லை. நான் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளிய பிறகுதான் அவர் நகர்ந்தார்.

"மெட்ராஸ் கப்பல்ல இதெல்லாமா வச்சிருப்பாங்க?" என்றேன்.

"ஒரு வாரம் பொழுது போவ வேணாமா?" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மறுநாள் காலை அப்பாவுக்குத் தேநீர் வாங்கப் போனேன். தட்டு கழுவும் இடத்தில் ஒரு தமிழர் இருந்தார், பினாங்குக்கு எதிர்க்கரை பட்டர்வொர்த்காரர். தமிழ் முகத்தைக் கண்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. மெட்ராஸ் போக சரியாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருடைய சிரிப்பு சட்டென்று நின்றது.

"அக்கா, நெஜமாவா கேக்கறீங்க? இந்தக் கப்பல் எங்கயும் போவாது லா. சூதாட வர்றவங்கள ஏத்திக்கிட்டு நடுக்கடல்ல ஒரு சுத்து சுத்தும். நாளைக்குக் காலையில பினாங்குக்கே போயிரும்."

கையிலிருந்த குவளை கீழே விழுந்து உடைந்தது. எங்கேயும் போகாமல் சும்மா சுற்றிவிட்டு வருவதற்கு ஒரு கப்பல் இருக்கும் என்று எங்கள் தோட்டத்தில் யாருக்குத் தெரியும்? எங்களுக்குக் கப்பல் என்றால் ஊர். என் கணவர் அந்தக் கடைக்காரனிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர், திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டவர், எங்கே போகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

ஓடிப் போய்க் கணவரிடம் சொன்னேன். லோரியைப் பள்ளத்தில் விட்டவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். "மாமாகிட்ட நீயே சொல்லிரு. என்னால முடியாது" என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைக் கடலில் தள்ளியிருப்பேன். ஆனால் அழுகிற ஆளை என்ன செய்வது?

அப்பா மேல்தட்டில் ஒரு நாற்காலியைக் கடலைப் பார்க்கப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. திட்டுவார், மருமகனை அடிக்கவே போவார் என்று பயந்தேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... வெள்ளிக்கிழம அவ ஹார்பர்ல வந்து நிப்பாளே" என்றார்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"கப்பல் வரலேன்னா நான் நடுக்கடல்ல போயிட்டேன்னு நெனச்சிருவாம்மா. நெஞ்சு வலிக்காரி. தாங்க மாட்டா."

எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. எங்கள் அவமானம் பெரிதில்லை. ஊருக்குத் தந்தி அடித்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்று அப்பா தலையை ஆட்டினார். அங்கே தந்தி என்றால் சாவுச் செய்தி என்று அர்த்தம். பிரித்துப் படிப்பதற்குள் அவள் விழுந்துவிடுவாள் என்றார். கடிதம் போய்ச் சேர நாளில்லை.

ஞாயிறு காலை கப்பல் பினாங்கில் வந்து ஒதுங்கியது. ஏறின அதே படியில் இறங்கினோம். கோணியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அப்பா கரையில் கால் வைத்ததும் மருமகனின் தோளைப் பிடித்தார்.

"எங்க அந்தப் பிளேனு? ஏத்துங்க என்னய."

தாப்பா கடைக்காரரின் மலிவு விமானம் வியாழக்கிழமை கோலாலம்பூரிலிருந்து கிளம்பியது. என் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போய், மூன்று இடம் கிடைத்தது. ஆளுக்கு ஒரு பைதான். அப்பா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். தங்கைக்கென்று வருடக்கணக்காகச் சேர்த்த சேலைகள் அதில் இருந்தன. ஒரே ஒரு சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினார். "நம்ம பொருளு இருக்கட்டும். லயத்து ஆளுங்க நம்பிக் குடுத்தத அடுக்கு" என்றார். சட்டியைக்கூட விடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

விமானம் மேலே ஏறும்போது அந்தச் சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவர்தான், திறக்கவே இல்லை. கொஞ்ச நேரம்தான் போனது போல இருந்தது. இறங்கப் போகிறோம், பெல்ட்டைப் போடுங்கள் என்றார்கள். அப்பா திடுக்கிட்டு விழித்தார்.

"என்னாம்மா, இதுவும் சுத்திட்டுத் திரும்பிருச்சா?"

"இல்லப்பா. மெட்ராஸ் வந்திருச்சு."

அவர் நம்பவில்லை. சன்னல் வழியாகக் கீழே எரிந்த விளக்குகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டயா இருந்துச்சு?" என்றார். "இவ்வளவு கிட்டயா இருந்துச்சு? நான் எங்கயோன்னுல்ல நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

சட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊருக்குப் போனால் வழியில் ஒருவரையொருவர் தவறவிட்டுவிடுவோம். அத்தை இந்நேரம் கிளம்பியிருப்பாள். அதனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் நேராக ஹார்பர் வாசலுக்குப் போனோம். வெயில் ஏறியது. அப்பா ஒரு டீக்கடை நிழலில் நின்று, வருகிற போகிற பெண்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் உட்கார்ந்து கத்திய ஒரு குழந்தையின் முகம்தான் அவருக்குத் தெரியும். எந்த முகத்தைத் தேடுவது?

முற்பகல் ஆகியிருக்கும். நரைத்த தலையோடு ஒரு அம்மாள், இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு காவலாளியிடம் போனாள். கையில் ஒரு மாலை. ஏதோ கேட்டாள். பினாங்குக் கப்பல் எதுவும் இன்றைக்கு இல்லை என்று அவர் சொன்னது எங்களுக்கே கேட்டது. "ஏறிட்டேன்னு எழுதியிருக்காரே சாமி, நல்லாப் பாருங்க" என்றாள். இல்லையம்மா, அப்படி ஒரு கப்பலே கிளம்பவில்லை என்றார் அவர். அவள் கடல் பக்கம் திரும்பினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, "அண்ணே! அண்ணே!" என்று ஓலமிட்டாள்.

முகம் தெரியாத அப்பாவுக்கு அந்தக் குரல் தெரிந்துவிட்டது. சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பின்னால் போய் நின்று, மூச்சு வாங்க, "பாப்பா" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை.

"கப்பலே வரலயேண்ணே," என்றாள், "நீ எப்படி வந்த?"

அத்தை அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் இருந்தாள். அப்பா இன்னும் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார், இரண்டும் அதே மலிவு விமானத்தில்தான். வெள்ளைக் கப்பல் என்று யாராவது சொன்னால் என் கணவர் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவார். இப்போது என் பேரப்பிள்ளைகள் லீவு வந்தால் மலிவு விமானமா, பெரியவர்கள் மட்டும் போகும் உல்லாசக் கப்பலா என்று கைப்பேசியில் விலை பார்த்துச் சண்டை போடுகிறார்கள். எதில் வேண்டுமானாலும் போங்கள் என்று சொல்லிவிடுவேன். ஆனால் நமக்காகக் கரையில் வந்து நிற்க ஓர் ஆள் எங்கேயாவது இருந்தால், தூரம் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாளும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது மட்டும், சட்டியில் முகம் புதைத்து அழுத என் அப்பாவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குள் கிடந்து அடித்துக்கொண்டே இருக்கிறது.