கிரகணமும் ஊக்கும்

ஒப்துலியாவுக்குத் தலைவலி வந்தால் அவள் அம்மா ஹெர்லிந்தாவுக்கு அழுகை வந்துவிடும். இரண்டில் எது கொடுமை என்று கேட்டால், ஒப்துலியா யோசிக்காமல் அழுகை என்பாள்.

கோமெஸ் பலாசியோ நகரப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள் அவள். வலது நெற்றியிலிருந்து கண்ணிமை வரை பிறவியிலேயே படர்ந்த சிவப்பு மச்சம். அதற்கு உள்ளே, மூளையின் மேலும் அதே மாதிரி ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. தலைவலி அங்கிருந்துதான் வருகிறது. முதலில் கண்ணோரம் வெளிச்சம் கோணல்மாணலாக நெளியும். இடது கை மரத்துப்போகும். பிறகு மண்டை பிளக்கும், வாந்தி வரும். இருட்டறையும் அமைதியும் இருந்தால் போதும். எங்கே கிடைக்கிறது? ஹெர்லிந்தா கைவைத்தியமாக உருளைக்கிழங்கு வில்லைகளை நெற்றிப் பொட்டில் ஒட்டிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடுவாள்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சூரிய கிரகணத்தால் வந்தது. தொண்ணூற்றொன்றில், ஒப்துலியா வயிற்றில் இருந்தபோது, கர்ப்பிணிகள் காப்பாகக் குத்திக்கொள்ளும் ஊக்கை வயிற்றுக்கு நேரே குத்தாமல் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டாள் ஹெர்லிந்தா. நிலா பிள்ளையின் முகத்தைக் கடித்துவிட்டது. தெரு முழுக்க அப்படித்தான் சொன்னது, அவளும் நம்பினாள்.

கருவில் தற்செயலாக நேர்வது இது, யார் தப்பும் இல்லை, ஒப்துலியாவின் பிள்ளைக்கும் வராது என்று நரம்பு டாக்டர் படம் வரைந்தே காட்டினார். ஹெர்லிந்தா பணிவாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும், “நல்ல மனுஷன். என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாரு” என்றாள். ஒப்துலியாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏற்கெனவே வலிக்கிற தலை என்பதால் விட்டுவிட்டாள்.

ஆகவே, முப்பத்திரண்டு வயதில் அவள் கர்ப்பமாக இருந்த நேரம் பார்த்து அதே ஊருக்கு மேலே இன்னொரு கிரகணம் வருகிறது என்றதும் அவளுக்கு ஒரே குஷி. ஊக்கு இல்லாமல் நட்டநடுத் தெருவில் போய் நிற்கப்போகிறாள். பிள்ளை சுத்தமான முகத்தோடு பிறக்கும். டாக்டர் சொல்லிக் கேட்காத அம்மா பேரப்பிள்ளையைப் பார்த்தாவது அழுகையை நிறுத்துவாள். புருஷன் ரமீரோவிடம் சொன்னபோது அவன் முகம் வெளிறிப்போயிற்று. ஆனாலும் உன் இஷ்டம் என்றான்.

கிரகணத்துக்காக ஊரில் கூட்டம் நெரிந்தது. நாள் முழுக்க ஒலிபெருக்கி, பேருந்து ஹாரன், வாணவேடிக்கை. அன்று காலை பல் துலக்கும்போதே ஒப்துலியாவின் கண்ணோரம் வெளிச்சம் நெளிந்தது. இன்றைக்கா, இன்றைக்குத்தானா என்று திட்டிக்கொண்டே சுவரைப் பிடித்தபடி கட்டிலுக்குப் போனாள். பிள்ளைத்தாய்ச்சி என்பதால் வீரியமான மாத்திரையும் கூடாது. திரையை இழுத்தாள், கதவைச் சாத்தினாள். நண்பகலில் ஊர் இருண்டு ஜனங்கள் ஆர்ப்பரித்தபோது, கர்ப்பிணி எங்கே இருக்க வேண்டும் என்று அம்மா கெஞ்சினாளோ அங்கேதான், ஊரிலேயே இருட்டான அறையில், கிடந்தாள்.

சாயங்காலம் தெளிந்து எழுந்தபோது நெற்றியில் உருளைக்கிழங்கு. உடுப்பில், வயிற்றைச் சுற்றி வரிசையாக ஊக்குகள். அன்றைக்கு மட்டும் ஹெர்லிந்தா அழவில்லை.

குழந்தை பெண். கழுவிவைத்த தட்டு மாதிரி முகம், ஒரு புள்ளி இல்லை. ஹெர்லிந்தா அதை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியை விரலால் தடவிப் பார்த்தாள்.

“பாத்தியாடி” என்றாள். “ஒரு ஊக்கு. ஒரே ஒரு ஊக்கு குத்தியிருந்தா உனக்கும்...”

மூக்கை உறிஞ்சினாள். இத்தனை வருஷம் அவளிடம் இருந்தது வெறும் நம்பிக்கை. இப்போது அதற்குச் சாட்சியே கிடைத்துவிட்டது. அந்தச் சாட்சி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒப்துலியாவின் கண்ணோரம் வெளிச்சம் நெளியத் தொடங்கியது.

“அம்மா, திரைய இழுத்து விடு.” கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். “இங்கயே உக்காரு. அழணும்னா அழு. சத்தம் போடாம அழு.”

ஹெர்லிந்தா குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு, உருளைக்கிழங்கு நறுக்கப் போனாள்.