முள் வைத்த சார்ஜர்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. வடமாலபேட்டையில் டிராக்டர் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றிக்கொடுத்துக்கொண்டிருந்த, என்னைப் பெற்ற நைனா, முள் கட்சி. அவரே செய்த சார்ஜரில் ஒரு மீட்டர், ஒரு திருகு. முள் எழுவதைப் பார்த்துக் கையாலேயே கூட்டிக் குறைப்பார். திருப்பதியில் செல்போன் கடையில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, டிஜிட்டல் கட்சி. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு இவர்களை விலக்கிவிட ஆளில்லாமல் போயிற்று.

அம்மா அங்கே வேலை செய்த வீட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்; ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை புது வீட்டிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை அவளைக் கூப்பிட எங்களிடம் எண் கிடையாது. அந்த வாரம் பார்த்துத்தான் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து தொலைந்தது. வெள்ளி காலை கரண்ட் வந்ததும் சார்ஜரைச் செருகினால், வீட்டிலிருந்த ஒரே செல்போன் கண்ணையே திறக்கவில்லை.

மாமா ஓடி வந்து பார்த்தார். "பேட்டரி ரொம்ப எறங்கிப்போச்சு. இவ்ளோ கொறைஞ்சா, உள்ள கீற சர்க்யூட்டு, பேட்டரியே செத்துப்போச்சுன்னு நெனச்சிக்கினு ஏத்தாது."

"என்னுது கேள்வி கேக்காது மச்சான்" என்று நைனா பேட்டரியைக் கழற்றினார்.

"வாணாம் மாமா, சூடாயி வெடிச்சிடும்!" என்று மாமா தன் அக்கா புருஷனைப் பார்த்துக் கத்தினார்.

நைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகைத் தொட்டார். முள் நூலளவு எழுந்தது. வேண்டாம் என்று கத்திய மாமாவேதான் பேட்டரியை விரல்களால் பிடித்து, சூடு பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில், "போதும், இனிமே என்னுது பாத்துக்கும்" என்று அதைப் போனில் போட்டுத் தன் சார்ஜரைச் செருகினார். திரையில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. நான் குதித்தேன். கட்சிக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்துக்கொண்டார்கள்.

போன் அடித்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"துன்னியாடி கண்ணு?"

அம்மாவின் குரல் கேட்டதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. புது வீட்டில் டிவி இருக்கிறதா, குழந்தைகள் உண்டா என்று நான்தான் கேட்டுத் தள்ளினேன். மாமா எண்ணைக் குறித்துக்கொண்டார். நைனா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ தூங்கற ரூமுக்கு உள்பக்கம் தாப்பா கீதா?"

"கீதுய்யா. நல்லா பெரிய தாப்பா. ரூம் சாவியும் என்கிட்டதான் கீது."

நைனா அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமா அவர் தோளில் கை வைத்தார். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாள் உடைந்து எத்தனையோ மாதமாகிறது. அதைத் திரும்பிப் பார்க்காத மனுஷர், குவைத்தில் இருக்கும் தாழ்ப்பாளைப் போய் விசாரிக்கிறாரே என்று.