ரத்தினம் மாமா கொண்டுவந்த மாதிரிப் பஞ்சு

தகர டிரங்குப் பெட்டியை மாமா திறந்ததும் முதலில் பருத்திக்கொட்டையின் எண்ணெய் வாசனை வரும், பின்னால் சாக்கு வாசனை, கடைசியில் உப்புக்காற்றில் ஊறிய ஒரு ஈர நெடி. தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கொடுத்த ஸ்கெலட்டன் லைன் வீட்டில் பிறந்து கடலையே பார்த்திராத எனக்குக் கடல் என்றால் அந்த நெடிதான்.

ரத்தினம் மாமா அம்மாவின் தம்பி. பம்பாய்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பருத்திக் கிடங்கில் பொதி தூக்கினார். வாங்க வரும் வியாபாரிக்குக் காட்டுவதற்காகப் பொதியைக் கீறி ஒரு பிடி பஞ்சு உருவுவார்களாம். அதற்கு "மாதிரி" என்று பெயர். பார்த்து ஒதுக்கிய மாதிரிகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்து, வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்குக் கொண்டுவருவார்.

"பஞ்சு வந்துதான் பம்பாய் ஊராச்சி மாமா. ரயிலு பஞ்சுக்கு, கப்பலு பஞ்சுக்கு, மில்லு பஞ்சுக்கு" என்பார் அப்பாவிடம், ஏதோ துறைமுகமே தன்னுடையது போல.

"நம்ம ஊரும் தங்கத்தாலதான் ஆச்சி மச்சான். தங்கம் போவுது, நாம இங்கியே குந்திக்கினு கீறோம்" என்பார் அப்பா.

சுரங்கத் தூசி அப்பாவின் நெஞ்சில் இறங்கியிருந்தது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போல இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கண்ணை மூடுவார். அப்படியும் "ஷிப்டு" தவறாமல், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டான "கேஜில்" இறங்கினார், ஏனென்றால் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அவர் சாய்ந்து தூங்க நான்கு கனத்த தலையணை தைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை. ராபர்ட்சன்பேட்டைக் கடைத் தலையணை ஒரு மாதத்தில் கட்டி தட்டிவிடும் என்று, மூன்று வருஷப் பஞ்சை ஒரு சாக்கில் சேர்த்து வைத்திருந்தாள்.

அந்த வருஷம் மாமா வந்திருந்தபோது அம்மா சாக்கைப் பிரித்தாள். ஆடிக்காற்று சுரங்கக் கழிவுமண் குவிந்த "சயனைடு மேட்டை" அப்படியே அள்ளிக்கொண்டு வந்தது. காற்றடித்தால் கதவைச் சாத்தி, சன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவும் அதையே செய்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே மூங்கில் குச்சியால் பஞ்சை அடித்தாள். பஞ்சு பறந்தது. சுவரிலிருந்த புத்தருக்கு வெள்ளைத் தாடி முளைத்தது, நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்போதுதான் அப்பா வேலை முடிந்து வந்தார். "மண்ணு வருது, சீக்கிரம் உள்ள வாங்க" என்று அவரை இழுத்து, அம்மாவே கதவைச் சாத்தினாள்.

நாலு மூச்சு விட்டிருப்பார். பிறகு மூச்சு வரவில்லை. வாய் திறந்தது, கண் பிதுங்கியது, கை சுவரைப் பிராண்டியது. மாமா கதவை உதைத்துத் திறந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெளியே சயனைடு மண். வீட்டின் மறைவில் உட்காரவைத்து, நனைத்த துண்டை அவர் முகத்தில் கட்டி, காற்றுக்குத் தன் முதுகைக் கொடுத்து நின்றார். அப்பாவுக்கு மூச்சு திரும்பியது. அதே நேரம் மாமா இரும ஆரம்பித்தார். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் அதே இருமல்.

அப்பா துண்டை விலக்கிப் பார்த்தார். "இன்னா மச்சான், சொரங்கத்துல நீ எந்த லெவல்ல வேலை செஞ்ச?"

"கெடங்குதான் மாமா. அங்க கேஜ் கெடையாது, அவ்ளோதான் வித்தியாசம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா குச்சியோடு வாசலில் நின்று கத்தினாள்: "ஆளுக்கு ஒரு ஊரக் கட்டிக் குடுத்துட்டு இருமிக்கினு குந்தியிருக்கீங்களே! இதுல சிரிப்பு வேறயா?"

மறுநாள் காற்று நின்றது. மாமாவைக் கிட்டே விடாமல், அம்மா வெளியே உட்கார்ந்து தானே அடித்துத் தைத்தாள். அப்பா சாய்ந்து தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தலையணையை மாமாவிடம் நீட்டினாள் அம்மா. "எனக்கு எதுக்குக்கா? நான் மல்லாந்து தூங்கறவன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். பச்சைப் பொய். அதன் பிறகு அவர் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் மட்டும் வந்தது, அவர் அறையிலிருந்த வேறொருவர் எழுதியது.

இப்போது சுரங்கம் இல்லை. அப்பா இல்லை. நான் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். போன வருஷம் அலுவலக வேலையாக மும்பை போனபோது அந்தக் கிடங்குப் பக்கம் போனேன். சில கிடங்குகள் பூட்டிக் கிடந்தன, சிலவற்றின் இடத்தில் அடுக்குமாடிகள். பருத்தி வளர்த்த நகரம் என்று என்னோடு வந்தவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு எரிந்தது. பருத்தி எதையும் வளர்க்கவில்லை, தங்கமும் வளர்க்கவில்லை. தூக்கினவனும் தோண்டினவனும் வளர்த்தார்கள். ஒரு சுவரிலும் அவர்கள் பெயர் இல்லை.

மாமா தங்கிய இடத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஊர் திரும்பியதும் அம்மா கேட்டாள்: "ரத்தினம் இருந்த ரூம்ப பாத்தியா?"

"பாத்தேன்."

"காத்து வருதா அங்க?"

"நல்லா வருதும்மா" என்றேன்.