காதோரச் சீமெண்ணெய்

பெயிண்டர் பிரஷைக் கழுவச் சீமெண்ணெய் டப்பாவைத் திறந்ததும் மருமகள் மூக்கைப் பொத்தினாள். நான் ஆழ இழுத்து மோந்தேன்.

சின்ன வயசில், தங்கச்சிமடத்தில் அந்த வாசத்துக்கு ஏங்கியிருக்கிறேன். சீமெண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்க அம்மா சுறா ஈரலை உருக்குவாள். வள்ளத்துப் பலகைக்குப் பூசியது போக மீந்த எண்ணெயில்தான் எங்கள் விளக்கு எரியும். அந்தப் புகையில் என் சடையெல்லாம் நாறும். பக்கத்து வீட்டு பிலோமிக்குச் சீமெண்ணெய் விளக்கு, அதுவும் கண்ணாடிச் சிம்னியோடு. அவள் சடையில் மீன் வாடையே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டு விளக்கைத் திறந்து விரலை முக்கி, இரண்டு காதோரமும் தடவிக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பிலோமி மோந்து பார்த்தாள்.

"ஏண்டி, ஒங்க வீட்லயும் சீமெண்ணெ வாங்கிட்டாகளா?"

"டின்னோட வாங்கியாச்சு."

சாயங்காலமே எங்கம்மா முன்னால் போத்தலோடு வந்து நின்றாள். "சித்தி, ஒங்க வீட்ல டின்னோட இருக்காமே. அம்மா கொஞ்சம் வாங்கியாரச் சொன்னாக."

அம்மா குனிந்து என் காதோரம் மோந்தாள். கிறிஸ்மஸுக்கென்று ஒளித்து வைத்திருந்த கால் போத்தல் சீமெண்ணெயை அப்படியே ஊற்றிக் கொடுத்தாள்.

அன்றைக்கும் பிலோமி வீட்டில்தான் விளக்கு பளிச்சென்று எரிந்தது, எங்கள் சீமெண்ணெயில். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.