பாய் இருக்காரா?

ஒரு தொலைபேசியைப் பார்த்து வயிறெரிந்த மூடன் கோலாலம்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் நாளிதழ் அலுவலகத்துத் தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது. ஆனால் எனக்காக அது அடித்ததே இல்லை. எடுத்தால், "பாய் இருக்காரா?" என்பார்கள்.

பாய் என் சக நிருபர். என்னைவிட இளையவர், காஜாங்கிலிருந்து ரயிலில் தூங்கிக்கொண்டே வருபவர். என் செய்தி முதல் பக்கத்தில் வரும், அவருடையது உள்பக்க மூலையில். இருந்தும் வாசகர்கள் தேடியது அவரைத்தான்.

கிள்ளானில் ஓர் இளைஞன் தன் உயிரை மாய்த்துக்கொண்ட அன்று, அந்த வீட்டுக்கு முதலில் போனவன் நான். அடக்கம் முடிந்து, வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டிருந்தன. தாயிடம் மகனின் படம் கேட்டேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த பாய் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து துஆ ஓதினார், கொடுத்த தேநீரைக் குடித்தார். செய்திக்கு வந்தாரா, துக்கம் கேட்க வந்தாரா என்று எனக்கு எரிச்சல்.

அலுவலகம் திரும்பி நான் தீட்டியதோ காவியம். எப்படி, எங்கே என்று ஒன்று விடாமல் எழுதி, 'காதல் தோல்வியா?' என்று தலைப்பிட்டு, மார்க்கம் மன்னிக்காத பாவம் என்று முடித்திருந்தேன். ஐந்து வேளையும் தொழுகிற பாய் ரசிப்பார் என்று அவரிடம் படிக்கக் கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது.

"தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்ல லா, அண்ணே. அந்த வீட்டுல தங்கச்சி ஒருத்தி இருக்கா. நாளைக்கு அவளும் பேப்பர் படிப்பா."

"அப்ப நான் எதத்தான் எழுதுறது, மழை வருமா வராதான்னா?"

ஆசிரியர் அவர் பக்கம் சாய்ந்தார். மறுநாள் வந்தது பாய் பெயரில் நாலே வரி. படம் இல்லை, எப்படி என்பதும் இல்லை. அடியில், மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கு ஓர் உதவி எண். அந்த நாலு வரிக்காக ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அந்தம்மா அலுவலகத்துக்கு அடித்து, பாயைச் சாப்பிடக் கூப்பிட்டார். தங்கை தாதியானதையும் முதலில் அவரிடம்தான் சொன்னார்களாம். என் முதல் பக்கங்களுக்கு ஒரு கரண்டி ரெண்டாங் கறிகூட வந்ததில்லை.

இப்போது பாய் பங்சாரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்படிப்பட்ட செய்திகளை நானும் நாலு வரியில்தான் எழுதுகிறேன், அடியில் உதவி எண்ணோடு. அவரைப் பார்த்துக் கற்றது என்று யாரிடமும் சொல்வதில்லை. போன பெருநாளுக்கு முன்னால் தொலைபேசி அடித்தது. கிள்ளான் அம்மாவின் குரல்.

"பாய் இருக்காரா?"

"வேலை மாறிட்டாரும்மா. அன்னைக்கு அவரோட நானும் உங்க வீட்டுக்கு வந்திருந்தேன். இந்தப் பெருநாளுக்கு நான் வரட்டுமா?"



"நீங்க போட்டோ கேட்டவருதானே."